எலியின் மனச்சிதைவு: ஒரு மரபணுக் கதையாடலை வாசித்தல்

2002இல் ஐஸ்லாந்திலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வுக்கட்டுரையில் ஓர் எலி வருகிறது. நியூரெகுலின்-1 என்னும் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று முடக்கப்பட்ட எலி. (மரபணுவுக்கும் நாம் ‘பிரதி’ என்றுதான் சொல்கிறோம், கவனிக்கவும்.) சோதனைப் பெட்டியில் விட்டால் மற்ற எலிகளைவிட இது அதிகமாக ஓடுகிறது. மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுக்கும் க்ளோஸபின் மருந்தைக் கொடுத்தால் ஓட்டம் ஓரளவு குறைகிறது. ஆகவே இந்த மரபணுவுக்கும் மனச்சிதைவுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு எலியும் ஒரு சாட்சியாக நிறுத்தப்படுகிறது.

சாதாரண எலியோடு ஒப்பிட்டுக் கவனமாகச் செய்யப்பட்ட சோதனைதான் அது. அதைக் கேலி செய்வது என் நோக்கமில்லை. ஆனால் இலக்கியப் பிரதிகளை வாசித்துப் பழகிய ஒருவனுக்கு இந்த இடத்தில் வாசிப்பு தடுக்கி நிற்கிறது. மனச்சிதைவு என்பது சொல்லால் அறியப்படும் நோய். யாரோ என்னைப் பற்றிப் பேசுகிறார்கள், என் எண்ணத்தைத் திருடுகிறார்கள், வானொலியில் எனக்கு மட்டும் செய்தி வருகிறது என்று ஒருவர் சொல்லித்தான் மருத்துவருக்குத் தெரியும். இன்றுவரை இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது. நோயாளியின் பேச்சுதான் ஆதாரம். அந்தப் பேச்சு முழுக்கக் கழிந்துபோய், எலியின் கால் ஓட்டம் மட்டும் மிஞ்சும் இடத்திற்கு இந்தக் கதையாடல் எப்படி வந்து சேர்ந்தது? நான் படித்தது தமிழ் எம்.ஏ.; உயிரியல் இல்லை. ஆனாலும் இது நாம் கேட்டாக வேண்டிய கேள்வி. இந்தச் சொல்லாடல் ஆய்வுக்கூடத்திற்குள் மட்டும் இருப்பதல்ல. பெண் பார்க்கப் போகிற வீட்டிலும் குடும்ப நீதிமன்றத்திலும் அது உட்கார்ந்திருக்கிறது.

‘வளர்ச்சிக் காரணி’ என்பது என்ன? கருவில் நரம்பு உயிரணுக்கள் தேவைக்கு அதிகமாகவே உண்டாகின்றன. எது பிழைக்கும், எது இழை நீட்டி இன்னொன்றோடு சேரும், எது மடியும் என்பதைத் தீர்மானிப்பதில் சில புரதங்களுக்குப் பங்கு உண்டு. அந்தப் புரதங்கள்தான் இவை. இவற்றுள் முதலில் அறியப்பட்டது நரம்பு வளர்ச்சிக் காரணி. அதைக் கண்டறிந்தவர் ரீட்டா லெவி-மொன்டால்சினி. இத்தாலிய யூதப் பெண். 1938இல் முசோலினி அரசின் இனச் சட்டங்கள் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றின. டூரின் நகரில் தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக் கோழி முட்டைக் கருக்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். போருக்குப் பின் 1947இல் அவரை அமெரிக்காவுக்கு அழைத்த விக்டர் ஹாம்பர்கரும் 1933இல் ஹிட்லர் ஆட்சியால் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக வேலையை இழந்தவர். ரீட்டாவுக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. அதாவது இந்த அறிவின் ஒரு வேர் ‘தூய்மை’யின் பேரால் துரத்தப்பட்டவர்களிடம் இருக்கிறது.

மற்ற வேர் துரத்தியவர்களிடம் இருக்கிறது. மனச்சிதைவு எப்படிப் பரம்பரையாக வருகிறது என்று முறையாகக் கணக்கிட்ட முதல் பெருநூலை 1916இல் எழுதியவர் மியூனிக்கைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் ரூடின். மெண்டலின் எளிய விகிதத்திற்குள் நோய் அடங்கவில்லை என்பது அவருடைய கணக்கிலேயே தெரிந்தது. அது அவரைத் தடுக்கவில்லை. 1933 ஜூலை 14இல் நாஜி அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்திற்கு அதிகாரபூர்வமான உரை எழுதியவர்களில் அவரும் ஒருவர். (உரையாசிரியர் மரபு நமக்குத் தெரிந்ததுதான். மூலத்தைவிட உரை கொடியதாக இருக்க முடியும்.) அச்சட்டத்தின் பட்டியலில் மனச்சிதைவு வெளிப்படையாக இடம்பெற்றது. சுமார் 4,00,000 பேர் கருத்தடை செய்யப்பட்டார்கள். 1940 ஜனவரிக்கும் 1941 ஆகஸ்டுக்கும் இடையில் மட்டும், நாஜிகளின் சொந்தக் கணக்குப்படியே 70,273 மனநோயாளிகளும் ஊனமுற்றோரும் விஷவாயுவால் கொல்லப்பட்டார்கள். ரூடினின் மாணவர் ஃப்ரான்ஸ் கால்மன், நோயாளிகளின் நலமாயிருக்கும் உறவினர்களுக்கும் கருத்தடை வேண்டும் என்று 1935இல் பேசினார். அடுத்த ஆண்டே, யூத வம்சாவளி காரணமாக அவரும் அமெரிக்காவுக்கு ஓட வேண்டியதாயிற்று. அங்கே போய் இரட்டையர் ஆய்வின் முன்னோடி ஆனார்.

இந்த இரண்டு வேர்களும் ஒரே கட்டடத்தில் வந்து சந்தித்தன என்பது வரலாற்றின் குரூரமான நகைச்சுவை. மூளையிலிருந்து பெறப்படும் நரம்பூட்டக் காரணி, சுருக்கமாக பி.டி.என்.எஃப்., 1982இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. செய்தவர்கள் ஈவ்-அலென் பார்ட், டேவிட் எட்கர், ஹான்ஸ் தோனன். இடம், மியூனிக்கை ஒட்டிய மாக்ஸ் பிளாங்க் மனநோயியல் நிறுவனத்தின் நரம்பு வேதியியல் துறை. 1945 வரை ரூடின் இயக்கிய அதே நிறுவனத்தின் வாரிசு அது. இதனால் பி.டி.என்.எஃப். நாஜி அறிவியல் ஆகிவிடாது. அப்படிச் சொல்வது முட்டாள்தனம். ஆனால் ‘வளர்ச்சிக் காரணியின் மரபணு வேறுபாடும் மனச்சிதைவு அபாயமும்’ என்று ஒரு தலைப்பைப் பார்க்கும்போது, அந்த ‘உம்’மைக்குள் எத்தனை பேர் புதைந்திருக்கிறார்கள் என்பதாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, அந்த வேறுபாடுதான் என்ன? பி.டி.என்.எஃப். புரதத்தின் 66ஆம் இடத்தில் பலருக்கு வாலின் என்ற அமினோ அமிலம் இருக்கும், சிலருக்கு மெதியோனின். இந்த இடம் முதிர்ந்த புரதத்திலேயே கிடையாது. அதை மடித்து உரிய இடத்திற்கு அனுப்ப உதவும் முன்பகுதியில், பிறகு வெட்டி எறியப்படும் பகுதியில் இருக்கிறது. கடிதம் அதேதான், உறை மாறியிருக்கிறது. மெதியோனின் வடிவத்தில் நரம்பணு தூண்டப்படும்போது புரதம் வெளியாவது குறைகிறது என்றும், நினைவாற்றல் சோதனையில் சிறு வித்தியாசம் தெரிகிறது என்றும் 2003இல் ஓர் ஆய்வு சொன்னது. நல்ல ஆய்வு. அதன் பின்னால் கிளம்பியது ஒரு பெரும் படை. மனச்சிதைவு, மனச்சோர்வு, பதற்றம், உணவு மறுப்பு, தற்கொலை என்று எதை எடுத்தாலும் இந்த 66ஆம் இடத்தோடு ஒட்டிப் பார்த்தார்கள். ஒரு நாட்டில் தொடர்பு உண்டு என்றது. அடுத்த நாட்டில் இல்லை என்றது. இதற்கிடையே ஓர் உண்மை ஓரமாகக் கிடந்தது. மெதியோனின் வடிவம் ஐரோப்பியரிடம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. கிழக்காசியரிடம் அதைப் போல இரு மடங்கு. மனச்சிதைவோ கிழக்காசியாவில் இரு மடங்கு இல்லை.

ஏன் இந்த மரபணு இவ்வளவு வசீகரித்தது? என் வாசிப்பில், கதை நன்றாக இருந்ததுதான் காரணம். மனச்சிதைவு பெரும்பாலும் பதின்வயது முடிவில் அல்லது இருபதுகளில் வெளிப்படுகிறது. ஆனால் மூளை வளரும் காலத்திலேயே கோளாறு விதைக்கப்பட்டிருக்கலாம் என்ற கருத்து 1980களில் வலுப்பெற்றது. விதை, வளர்ச்சி, தடை, சிதைவு. தொடக்கம், சிக்கல், வீழ்ச்சி. சாட்சாத் யதார்த்தவாத நாவலின் கட்டமைப்பு இது. இந்த நாவலுக்கு ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. ‘வளர்ச்சிக் காரணி’ என்ற பெயரே பாத்திரப் பொருத்தம் பார்த்து வைத்த மாதிரி இருந்தது. இப்படிக் கதைக்குப் பொருந்துகிறது என்பதற்காகத் தேர்ந்தெடுத்துச் சோதிக்கப்படும் மரபணுக்களுக்கு அத்துறையில் ‘வேட்பாளர் மரபணு’ என்றே பெயர். தேர்தலுக்கு முன்பே சுவரொட்டி ஒட்டியாயிற்று.

நியூரெகுலின்-1 வந்த வழி கொஞ்சம் வேறு. அங்கே முதலில் குடும்பங்களைத் தேடினார்கள், பிறகுதான் மரபணு கிடைத்தது. இங்கேதான் மூலதனம் மேடைக்கு வருகிறது. டிகோட் என்ற கம்பெனி 1996இல் தொடங்கப்பட்டது. 1998 பிப்ரவரியில் ரோஷ் மருந்துக் கம்பெனியோடு 12 நோய்களின் மரபணுக்களைத் தேட, 20 கோடி டாலர்வரை போகக்கூடிய ஒப்பந்தம் போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஐஸ்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. மூன்று லட்சத்தை எட்டாத அந்த மக்கள் அனைவரின் மருத்துவப் பதிவுகளையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்த்து, அதை நடத்தும் உரிமத்தை ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுக்க வழிசெய்தது சட்டம். ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுக்காதவர்கள் அனைவரும் சம்மதித்தவர்கள் ஆகிவிடுவார்கள். சுமார் 20,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். செத்தவர்கள் எப்படி எழுதிக் கொடுப்பார்கள்? இறந்துபோன தன் தந்தையின் பதிவுகளைச் சேர்க்கக் கூடாது என்று ஓர் இளம்பெண் வழக்குத் தொடுத்தார். தந்தையின் பரம்பரைக் குணங்கள் என் அந்தரங்கமும்தான் என்பது அவர் வாதம். 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. தரவுத்தளம் கடைசிவரை உருவாகவே இல்லை. கம்பெனி 2009இல் திவாலாகி, 2012இல் ஆம்ஜென் என்ற அமெரிக்கக் கம்பெனிக்கு 41.5 கோடி டாலருக்கு விலைபோனது.

அந்தப் பெண்ணின் வாதத்தில் ஒரு தத்துவார்த்தச் சிக்கல் இருக்கிறது. இதுவரை அதை யாரும் சரியாகப் பேசவில்லை என்று நினைக்கிறேன். மரபணுச் சொல்லாடலை எதிர்க்க அவர் மரபணுச் சொல்லாடலையே எடுத்துக்கொண்டார். அப்பாவின் உடல் என் உடலுக்குள் தொடர்கிறது என்று ஒப்புக்கொண்டால்தான் வழக்கே நிற்கும். எதிர்ப்பு பல சமயம் இப்படித்தான், அதிகாரத்தின் இலக்கணத்திலேயே பேசி ஜெயிக்கிறது. அதில் தவறில்லை. ஜெயித்தது யார் என்பதுதான் முக்கியம்.

இதே ஐஸ்லாந்திலிருந்து 1993இல் வந்த நாவல் எய்னார் மார் குட்மண்ட்சனின் ‘பிரபஞ்சத்தின் தேவதைகள்’. ஆங்கிலத்தில் கிடைக்கிறது. 1995இல் நார்டிக் கவுன்சில் இலக்கியப் பரிசு பெற்றது. 2000இல் படமாகவும் வந்தது. மனச்சிதைவுக்கு ஆளான தன் சகோதரனின் வாழ்க்கையை வைத்து ஆசிரியர் எழுதியது. கதைசொல்லி பால் இறந்த பிறகு தன் கதையைச் சொல்கிறான். அவன் பிறந்த நாள் 1949 மார்ச் 30. ஐஸ்லாந்து நேட்டோவில் சேர்வதை எதிர்த்து நாடாளுமன்றத்தின் முன் கலவரம் நடந்து, கண்ணீர்ப்புகை வீசப்பட்ட நாள். டிகோட் ஆய்வுக்கட்டுரையையும் இந்த நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று விளங்குகிறது. இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: இது எங்கே தொடங்கியது? கட்டுரை எட்டாவது குரோமோசோமின் குட்டைக் கையில் ஓர் இடத்தைக் காட்டுகிறது. நாவல் ஒரு தேதியைக் காட்டுகிறது. ஆனால் அதைக் காரணம் என்று சொல்வதில்லை. காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. பால் தன் நோயைப் பற்றிப் பகடி செய்கிறான், நண்பர்களைப் பற்றிப் பேசுகிறான், மாத்திரையைச் சபிக்கிறான். பைத்தியத்தைப் புனிதமாக்கும் வேலை எதையும் ஆசிரியர் செய்யவில்லை. என் மதிப்பீட்டில் நாவலின் பலமே இதுதான். நம்மவர்கள் எழுதும் பித்துக் கவிதைகளில் இல்லாததும் இதுதான்.

கதைக்கு என்ன ஆயிற்று? 2014இல் 36,989 நோயாளிகளையும் 1,13,075 மற்றவர்களையும் ஒப்பிட்டு, எந்த முன்முடிவும் இல்லாமல் மரபணுத்தொகுதி முழுவதையும் சலித்தார்கள். 108 இடங்கள் கிடைத்தன. 2022இல் நோயாளிகள் மட்டும் 76,755 பேர் என்று பெருகியபோது இடங்கள் 287 ஆயின. ஒவ்வொரு இடத்தின் தாக்கமும் மிகச் சிறியது. பெரும்பாலும் பத்து சதவீதத்திற்கும் குறைவாகவே ஆபத்தைக் கூட்டுவது. அதிகம் ஆராயப்பட்ட 25 வேட்பாளர் மரபணுக்களை 2017இல் ஓர் ஆய்வு தனியே எடுத்துப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய மற்ற மரபணுக்களைவிட இவை நோயோடு கூடுதலாகத் தொடர்புகொண்டிருக்கவில்லை. பி.டி.என்.எஃப்., நியூரெகுலின்-1 இரண்டும் அந்த 25இல் உண்டு. இருபது ஆண்டுக் கட்டுரைகள், முனைவர் பட்டங்கள், எலிகள்!

இதைப் படித்துவிட்டு ‘பார்த்தீர்களா, மரபணுவாவது மண்ணாவது, எல்லாம் சமூகக் கட்டமைப்பு’ என்று துள்ளுவார்கள் நம் தோழர்கள். அவசரம் வேண்டாம். விழுந்தது ‘ஒரு மரபணு, ஒரு கதை’ என்ற மாதிரிதான். பரம்பரையின் பங்கு விழவில்லை. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி. பொதுமக்களிடம் அது நூற்றுக்கு ஒன்று. இதை மறைத்துவிட்டு அரசியல் பேச முடியாது. அந்த மீதிப் பாதியைப் பற்றிப் பேசாமல் மருத்துவமும் பேச முடியாது.

நமது சிறுபத்திரிகைச் சூழலில் 80களின் இறுதியிலிருந்தே ஃபூக்கோ வந்தார். லெய்ங், டெல்யூஸ்-கத்தாரி என்று தொடர்ந்து பெயர்கள் வந்தன. அடைத்துவைத்தலின் வரலாற்றை ஃபூக்கோ எழுதியது பெரும் கொடை. ஆனால் இங்கே அது என்னவாயிற்று? பைத்தியம் கலகக்காரன் ஆனான். ‘சிதைவு’ அழகியல் ஆயிற்று. இரவு மூன்று மணிக்குக் கதவைத் தட்டும் மகனைச் சமாளிக்கிற அம்மா எந்தக் கட்டுரையிலும் வரவில்லை. மரபணுவை மறுத்த காலத்தில் அந்த இடத்தில் உட்காரவைக்கப்பட்டது யார் என்றும் பார்க்க வேண்டும். 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் பயன்படுத்திய ‘மனச்சிதைவை உண்டாக்கும் தாய்’ என்ற தொடர் இருபது, முப்பது ஆண்டுகள் அமெரிக்க மருத்துவமனைகளில் ஆட்சி செய்தது. முரண்பட்ட கட்டளையால் குழந்தையைச் சிக்கவைக்கும் குடும்பம் என்று 1956இல் பேட்சன் குழு எழுதியதும் நடைமுறையில் அம்மாவின் தலையில்தான் விடிந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்று அலுத்த அந்தப் பெற்றோர்கள்தாம் 1979இல் அமெரிக்காவில் அமைப்பாகத் திரண்டு, ‘இது மூளையின் நோய்’ என்ற வாசகத்தை இறுகப் பற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு மரபணு என்பது விடுதலைப் பத்திரம். விமர்சகர்கள் இதைப் பொதுவாகக் காண்பதில்லை. தாயின் வளர்ப்பைக் குற்றத்திலிருந்து விடுவித்த மரபணு, அடுத்த மூச்சில் அவள் வம்சத்தைப் பிடித்துக்கொண்டது என்பது வேறு கதை.

வம்சம் என்றதும் ஊருக்கு வந்துவிடுவோம். ‘அவங்க வீட்ல யாருக்காச்சும் லூசு கீசு உண்டா?’ என்று தரகரிடம் ரகசியமாக விசாரிக்கும் சமூகம் இது. கோத்திரம், குலம், ரத்தம் என்று பேசிப் பழகிய வாய்க்கு ‘ஜீன்’ என்ற சொல் வெல்லம் மாதிரி. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு அதே நோயுள்ள தாயோ தகப்பனோ கிடையாது என்ற விவரம் அந்த விசாரணையில் எடுபடாது. சட்டமும் தரகரிடமிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், திருமணத்திற்கும் பிள்ளைபெறுவதற்கும் தகுதியற்ற அளவுக்கு மனக்கோளாறு உள்ளவரின் திருமணத்தைத் தடுக்கிறது. விவாகரத்துக்கான பிரிவில் மனக்கோளாறுக்கு விளக்கம் தரும்போது மனச்சிதைவைப் பெயர் சொல்லியே சேர்க்கிறது. ‘பிள்ளைபெறத் தகுதி’ என்ற சொற்சேர்க்கையை நிதானமாக வாசியுங்கள். இது எந்தச் சொல்லாடலின் சந்ததி என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டம், சிகிச்சை என்ற பேரில் கருத்தடை செய்வதைத் தடைசெய்தது. அது முன்னேற்றம்தான். திருமணச் சட்டத்தின் வாசகத்தையோ அது தொடவில்லை.

ரூடினுக்கு அவர் நாட்டிலேயே பதில் கிடைத்துவிட்டது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். ஜெர்மனியில் மனச்சிதைவு நோயாளிகளில் 2,20,000 முதல் 2,69,500 பேர்வரை கருத்தடை செய்யப்பட்டோ கொல்லப்பட்டோ இருக்கலாம் என்று டோரி, யோல்கன் இருவரும் 2010இல் கணக்கிட்டார்கள். ஒரு தலைமுறை நோயாளிகளை ஏறக்குறைய அழித்தொழித்த நாடு. போருக்குப் பிறகு அங்கே புதிதாக நோய் வருபவர்களின் விகிதம் குறையவே இல்லை.

நம் ஊர் மரபணுக்களையும் சோதித்தாயிற்று. 2019இல் சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து சுமார் 3,000 பேரிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. கிடைத்த இடம் எட்டாவது குரோமோசோம்தான், ஆனால் வேறு கையில். நியாசின் என்ற வைட்டமினை உடல் கையாளும் விதத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் அருகில். வளர்ச்சிக் காரணி இல்லை. உலகத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தவருடையது என்பதால் இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குத் தேவை இருக்கிறது. 3,000 பேர் என்பது சிறிய கூட்டம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதை வைத்து யாராவது ‘தமிழ் மனச்சிதைவு மரபணு’ என்று தலைப்புப் போட்டால், அந்தத் தலைப்பைக் கட்டுடைக்க நம்மிடம் ஆள் இருக்க வேண்டும்.

கடைசியாக, சொல்லைப் பற்றி. 1908இல் ப்ளாய்லர் உண்டாக்கிய கிரேக்கச் சொல்லுக்குப் பிளவு என்பதுதான் பொருள். நாம் ‘சிதைவு’ என்றாக்கினோம். பிளந்தது சேரலாம், சிதைந்தது என்றால் இடிபாடுதான் நினைவுக்கு வருகிறது. ஜப்பானில் நோயாளிகளின் குடும்பத்தினர் சேர்ந்து கேட்டதன் பேரில், மனம் பிளந்த நோய் என்றிருந்த பெயரை 2002இல் ஒருங்கிணைவுக் கோளாறு என்று மாற்றினார்கள். பத்தாண்டு கழித்துக் கொரியர்கள் யாழ்நரம்பைச் சுருதி கூட்டுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து புதுப்பெயர் எடுத்துக்கொண்டார்கள். சுருதி என்ற சொல் நம்மிடமும் இருக்கிறது. ஆனால் இங்கே புதுச்சொல்லை நானோ வேறொரு பத்திரிகையாளனோ உட்கார்ந்து உருவாக்கக் கூடாது. ஜப்பானில் கேட்டது யார் என்பதைப் பார்த்தோம். இங்கே அவர்களிடம் இன்னும் யாரும் போய்க் கேட்கவில்லை.